கை ஆடாமல் பிடிக்கவும்

பிப்ரவரி 9

நெட்டைக்கு,

நீ 'மூலைமட்டம்' என்று பெயர் வைத்த அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். கடையில் இன்னும் உடையாமல் இருக்கிற கண்ணாடிகளும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? மாப்பிள்ளைக்கு முடி கொட்டுவது நின்றதா, இல்லை கொட்டுவதற்கே ஒன்றும் பாக்கி இல்லையா?

கேமரா வாங்கிவிட்டேன். ஃபோனில் சொன்னால் குறுக்கே விழுந்து திட்டுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரை உன்னால் வாயைத் திறக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். நீ எழுதிக் கொடுத்த மூன்று கம்பெனியில் எதுவும் இல்லை இது. டார்ச், குடை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டு விற்கிற கடையில் வாங்கினேன். பெயரைப் பார்த்தால் தலை ஒரு கம்பெனி, வால் இன்னொரு கம்பெனி. நீ சொன்ன விலையில் நாலில் ஒரு பங்குதான். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற நம்பரோ நீ சொன்னதைவிட இரண்டு மடங்கு.

"இவ்வளவு பெரிய நம்பரை இத்தனூண்டு பெட்டிக்குள்ள எப்படிங்க அடைச்சாங்க?" என்றேன்.

"அதெல்லாம் டெக்னாலஜி சார்."

"ரிப்பேர் ஆனா?"

"ஆகாது சார்."

"சரி, ஆச்சுன்னு வைங்க."

"குடை பாக்குறீங்களா சார்? நல்ல குடை வந்திருக்கு."

எதற்கு வாங்கினேன் என்று உனக்கே தெரியும். நான் போட்ட கண்ணாடிகளைப் படம் எடுத்து ஆல்பமாக வைத்துக்கொள் என்று நீதான் சொல்லிக்கொண்டே இருந்தாய். இப்போது அதற்கு அவசரம் வந்திருக்கிறது. ஒரு நடன வகுப்பு டீச்சர் கடைக்கு வந்தார். புது ஹால் கட்டுகிறார். ஒரு சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி, ஆளைவிட உயரமாக, பதினாலு துண்டு. கண்ணாடி வெட்ட வந்து முப்பது வருஷம் ஆகிறது, இந்த அளவு வேலை நம் கடை வாசலை எட்டிப் பார்த்ததில்லை. ஆல்பத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம்.

கார்டை இதற்குள் வைத்திருக்கிறேன். உன் போட்டோ லேபில் பிரிண்ட் போட்டு, கார்டையும் திருப்பி அனுப்பு. திட்டுவதாக இருந்தால் தனித்தாளில் திட்டு. அண்ணி எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படிக்கிறாள்.

இப்படிக்கு,
கேமராக்காரன் அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

இங்கே இருவரும் நலம். நீ முடியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு உன் மாப்பிள்ளை நேராகக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். உனக்கு அடுத்த வியாபாரம் இங்கேதான் போலிருக்கிறது. அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தனித்தாள் இல்லை, இதிலேயே திட்டுகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் நம்பர் பொய். அந்தக் கேமரா எடுப்பது சின்னப் படம்தான். அதைப் பிடித்து நாலு பக்கமும் இழுத்துப் பெரிதாகக் காட்டுகிறது. சுருங்கின சட்டையை இழுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. கிட்டே இருப்பது எதுவும் அதற்குத் தெளிவாகத் தெரியாது, இரண்டடி தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். ஃபிளாஷை அணைத்து வை. நீ எடுத்த பன்னிரண்டு நிலைக்கண்ணாடியிலும் நடுவில் ஒரு வெள்ளை வெடிதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு ஒருவர் நிற்கிறார். அவரை எனக்குத் தெரியும்.

வெளிச்சம் உள்ள நேரமாகப் பார்த்து, சாய்வாக நின்று எடு. அனுப்பியதில் தேறியது ஒன்பது. அதையும் நான் கொஞ்சம் தட்டிக்கொட்டித்தான் பிரிண்ட் போட்டேன். கார்டு உள்ளே இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை


மார்ச் 12

நெட்டைக்கு,

நாங்கள் நலம். முழங்கால் மழை வந்தால் மட்டும் பேசுகிறதாம். மற்ற நாளெல்லாம் அதன் சொந்தக்காரி பேசுகிறாள். உன் கடிதத்தை அவள்தான் படித்தாள். நீ திட்டின இடமெல்லாம் குரல் ஏறியது.

நீ குறை சொன்னாய், நான் நல்லதைச் சொல்கிறேன். இந்தக் கேமரா மேஜையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் எழுந்து படம் எடுத்தது. உன் கம்பெனிக் கேமராவாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். மெழுகும் பசையும் ஒட்டின கையோடு தொடலாம், அதற்கு வெட்கமானம் கிடையாது. ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தபோது வாசல்படியிலேயே மறந்து வைத்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அங்கேயே இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு எவனோ திருப்பி வைத்திருக்கிறான், வேறு பக்கம் பார்த்து இருந்தது.

கெட்டது என்று கேட்டால், பென்சில் பேட்டரியைக் கடலை மாதிரி மெல்லுகிறது. பேட்டரி மாற்றினதும் தேதி ஜனவரி ஒன்றுக்குப் போய் நிற்கிறது. ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் நான் ஒரே நாளில் ஏழு அலமாரி, மூன்று ஜன்னல், ஒரு மீன்தொட்டி செய்தேன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டுமே.

கேமராவோடு வந்த தாளில் ஐந்து உத்தரவு போட்டிருக்கிறது. தண்ணீரில் போடாதே. வெயிலில் வைக்காதே. குழந்தை வாயில் வைக்கவிடாதே. சூரியனை எடுக்காதே. ஐந்தாவது நமக்குத் தேவைப்படாது.

டீச்சர் மறுபடி வந்தார். நல்ல படமாக இருபது காட்டச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை நாற்பது எடுத்திருக்கிறேன், ஃபிளாஷ் இல்லாமல், நீ சொன்ன மாதிரி சாய்ந்து சாய்ந்து. கழுத்துப் பிடித்துக்கொண்டது. இந்த மாதம் வெட்டும்போது மூன்று கண்ணாடி கீறின கோட்டிலிருந்து விலகி உடைந்துவிட்டது. புதுக் கம்பெனிச் சரக்கு, சரியில்லை. உனக்குத்தான் தெரியுமே, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்புதான். திரும்ப அதே கோட்டின் மேல் இழுத்தால் உடைந்தது கண்ணாடி.

மாப்பிள்ளை தலையை நான் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 26

அன்புள்ள அண்ணா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனால் அதுதான் உண்மை.

நாற்பதில் முப்பத்தாறு மங்கல். நாலு மட்டும் அருமை. குளியலறை அலமாரி ஒன்று, மாடிப்படிக் கைப்பிடிக் கண்ணாடி ஒன்று, மீன்தொட்டி இரண்டு. மீன் செதில்கூடத் தெரிகிறது. இந்த விலைக்கு இந்தக் கேமரா இப்படி எடுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று புரியவில்லை. மங்கலான மீன்தொட்டிப் படம் ஆறு இருக்கிறது. அதே இடம், அதே வெளிச்சம், அதே தூரம். இந்த நாலையும் எப்படி எடுத்தாய்? எதன் மேலாவது வைத்து எடுத்தாயா?

டீச்சருக்குக் காட்ட இப்போதைக்குப் பதின்மூன்று சேர்ந்திருக்கிறது.

உன் தங்கை


ஏப்ரல் 9

நெட்டைக்கு,

சௌக்கியம். அந்த நாலும் உன் அண்ணி எடுத்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மீன்தொட்டி வீட்டில் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை அடக்கிட்டு எடுங்க" என்றாள்.

"அடக்கினா போயிடுவேன்டி."

"அப்ப இங்க குடுங்க. நீங்க போற வரைக்கும் நான் எடுக்குறேன்."

பிடுங்கிக்கொண்டாள். அந்த வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் மீனெல்லாம் மூலைக்கு ஓடிவிட்டது. ஆக, கேமராவும் உன் அண்ணி கட்சிதான். இந்த வீட்டில் நமக்கு எப்போது பெரும்பான்மை கிடைத்திருக்கிறது?

பெருவிரலில் சின்னக் கீறல், துணி சுற்றியிருக்கிறேன். எழுத்து இன்னும் கேவலமாக இருந்தால் அதுதான் காரணம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து எப்போதுமே கோழி நடந்த வழிதான், உனக்கு வித்தியாசம் தெரியாது.

டீச்சர் படங்களைப் பார்த்தார். வேலை அநேகமாக நமக்குத்தான். ஆகஸ்ட் மாதம்.

அண்ணன்


ஏப்ரல் 18

அண்ணா,

இரண்டு பேரும் நலம் என்றே நம்புகிறேன். இந்தக் கடிதத்தை அண்ணி சத்தமாகப் படிக்க வேண்டாம். நீயே எழுத்துக்கூட்டிப் படி. மெதுவாகப் படி.

பதினோரு வருஷமாக ஒரு நாளைக்கு ஆயிரம் படம் என் கண் முன்னால் ஓடுகிறது. மங்கலில் இரண்டு வகை உண்டு. கேமராவுக்குக் கண் சரியில்லை என்றால் படம் முழுக்கப் பனி விழுந்த மாதிரி இருக்கும். பிடித்த கை ஆடியிருந்தால் பனி இருக்காது, ஒவ்வொரு வெளிச்சப் புள்ளிக்கும் வால் முளைத்திருக்கும். உன் படங்களில் கடை பல்பு புழு மாதிரி நெளிகிறது. ஒரு தடவை கை தவறினால் கோடு ஒரு பக்கமாக இழுக்கும். உன்னுடையது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்ப் போய் வருகிறது. முப்பத்தாறிலும் அப்படியே.

என் மேலும் தப்பு இருக்கிறது. முதல் தடவை வந்த படங்களிலும் அந்த வால் இருந்தது. அண்ணன் ஆல்பம் அழகாக வரட்டும் என்று உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். யாரோ ஒரு வாடிக்கையாளர் என்றால் அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்து, 'கை ஆடுது சார்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பேன்.

நான் சொன்ன விலையுள்ள கேமராவுக்குள் கை ஆட்டத்தைச் சமாளிக்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. நீ அதை வாங்கியிருந்தால் நாற்பதும் தெளிவாக வந்திருக்கும், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உன் கேமராவுக்குள் அது இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டையும் இல்லாததால் கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தாளின் ஐந்தாவது வரியை நீ எழுதவில்லை. எல்லாக் கேமராவோடும் வருகிற வரி அது. கை ஆடாமல் பிடிக்கவும்.

அண்ணா, உன் கை நடுங்குகிறதா? எவ்வளவு நாளாக? கட்டரைப் பிடிக்கும்போதும் நடுங்குகிறதா? ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கும்போது மறுமுனையில் நிற்பது அண்ணி.

பதில் எழுது.

நெட்டை


மே 21

அண்ணா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஃபோன் செய்தால் அண்ணி எடுத்து நீ கடையில் இல்லை என்கிறாள். பின்னால் நீ தும்முகிற சத்தம் கேட்கிறது. உன் தும்மல் எனக்குத் தெரியாதா?

கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

தங்கை


ஜூன் 1

நெட்டைக்கு,

எல்லோரும் சௌக்கியம். இங்கே வெயில் கொளுத்துகிறது. வாசலில் சாய்த்து வைத்த கண்ணாடி எதிர்க்கடைக்காரர் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறதாம், சண்டைக்கு வந்தார். "உங்க மூஞ்சி இப்பத்தாங்க பளிச்சுன்னு இருக்கு" என்றேன். இரண்டு நாளாகப் பேசவில்லை.

நடன ஹால் வேலை உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் வெட்ட வேண்டும்.

கேமரா எடுக்க நேரமில்லை. இழுப்பறையில் கிடக்கிறது. அதனால் கார்டும் அனுப்பவில்லை. கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ எதையாவது நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


ஜூன் 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் சௌக்கியம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் அடிபடவில்லை. நீங்கள் இருவரும் நலம்தானே?

உன் ஏப்ரல் கடிதத்தை நேற்றுத்தான் படித்தேன். பேட்டரி தேடி இழுப்பறையைத் திறந்தபோது கேமரா அட்டைப்பெட்டிக்குள் எட்டாக மடித்துக் கிடந்தது. மடிப்பெல்லாம் கிழிகிற மாதிரி ஆகியிருந்தது, அத்தனை தடவை பிரித்திருக்கிறார்.

உன்னிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்குப் போன வருஷமே தெரியும். ஒரு பெரிய கண்ணாடியை இரண்டு பேர் பிடித்தால் அந்த முனையில் நடப்பது இந்த முனைக்கு வந்துவிடும். அவர் கை நடுங்குவது முதலில் என் உள்ளங்கைக்குத்தான் தெரிந்தது. வாசலில் லாரி போகிறது என்று நினைத்தேன். லாரி போய்விட்டது, நடுக்கம் போகவில்லை. சொன்னால் உடைந்து போவார் என்று நான் பிடியை இறுக்கிக்கொண்டேன். முழங்கைவரை வருகிற தடித்த கையுறை வாங்கினேன். எதற்கென்று கேட்டார். தோல் கறுக்கிறது என்றேன். அதை வைத்து ஒரு வாரம் கேலி செய்தார்.

போன வியாழக்கிழமை ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மேஜைக்குத் தூக்கிப் போனோம். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"கீழ வை" என்றார்.

"மேஜை ரெண்டடிதானே."

"வைடி கீழ."

சுவரில் சாய்த்து வைத்தோம். ஒன்றும் உடையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"உன் மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு. விட்டிருப்பேன்."

"விடலையே."

"உனக்குத் தெரியுமா?"

"போன வருஷத்துலேர்ந்து தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

உன் அண்ணன் வாயை மூடி நீ பார்த்திருக்கிறாயா? இருபத்தாறு வருஷத்தில் அன்றைக்குத்தான் ஒரு கேலியும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "வெட்டாம இந்தக் கடையில நான் என்ன பண்றது, பல்லைக் காட்டிட்டு உக்கார்றதா?" என்றார். அதைக்கூடக் கேலியாகச் சொல்லத்தான் பார்த்தார், வரவில்லை.

டாக்டரிடம் போகப் பயப்படுகிறார். கெட்ட வியாதி பெயர் எதையாவது சொல்லிவிடுவார் என்று பயம். நான் சொன்னால் எழுந்து போய்விடுகிறார். நீ எழுது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 23

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாய்.

அப்பா டீ குடித்தது நினைவிருக்கிறதா? டம்ளரை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடிப்பார். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் போல் குடிக்கிறார் என்று நீதான் நடித்துக் காட்டுவாய். நான் சிரித்துப் புரையேறுவேன். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். மூன்று நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் கடைசி வரைக்கும் நன்றாகத்தானே நடந்தார், பேசினார், உன்னைத் திட்டினார்? இது அவருக்கு இருந்த அதே கை நடுக்கமாக இருந்தால் நீ பயப்படுகிற வியாதி இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது பிரிண்ட் போடுகிறவள் இல்லை, டாக்டர்.

லேபில் யாரும் இல்லாதபோது நானும் என் கைகளை நீட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. கொஞ்ச நேரம் கூடுதலாகவே நீட்டிக்கொண்டு நின்றேன்.

போ அண்ணா. ஊழியர்களுக்கு லேபில் சலுகை விலை உண்டு, நல்ல கேமரா ஒன்று உனக்கு வாங்கி அனுப்புகிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான்.

உன் நெட்டை


ஜூலை 14

நெட்டைக்கு,

சௌக்கியம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

போனோம். டாக்டர் சின்ன வயசு, உன் மாப்பிள்ளையைவிட முடி அதிகம். கையை நீட்டச் சொல்லி அதன் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. "ஃபேன் காத்து டாக்டர்" என்றேன். எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தாள் நிற்கவில்லை. அப்புறம் சுருள் கோடு ஒன்று வரையச் சொன்னார். ஒரு கப்பிலிருந்து இன்னொரு கப்புக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மேஜை குளித்தது. ரத்தம் எடுத்தார்கள். நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த நாலு நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நீ நினைத்ததுதான். குடும்பத்தில் வருகிற நடுக்கம், கையை நீட்டினாலோ எதையாவது பிடித்தாலோ வரும், ஆளை முடக்குகிற வியாதி இல்லை. அப்பா டம்ளரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். மாத்திரை குறைக்குமாம், நிறுத்தாதாம்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"கண்ணாடி வெட்டுறேன்."

பேனாவை வைத்துவிட்டார். "இன்னும் வெட்டுறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணி, "இல்ல டாக்டர். இனிமே நான்தான் வெட்டப் போறேன்" என்றாள். டாக்டர் தெரிந்துகொண்ட அதே நேரத்தில்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

வெளியே வந்து, "யாரைக் கேட்டு சொன்ன?" என்றேன்.

"இருபத்தாறு வருஷமா மறுமுனையில நின்னு வேடிக்கையா பாத்தேன்?" என்றாள்.

இப்போது தினமும் கழிவுக் கண்ணாடியில் பழகுகிறாள். முதல் நாள் பதினோரு துண்டு உடைத்தாள். கட்டரை அழுத்துகிறாள், அதுதான் தப்பு. "கண்ணாடியைக் கீறச் சொன்னேன், பழி வாங்கச் சொல்லல" என்றேன். கட்டர் என் பக்கம் திரும்பியது. நேற்று எட்டு இழுத்து ஏழு நின்றது. தூக்குவதற்குப் பக்கத்துக் கடைத் தச்சர் வருகிறார். நான் அளவு எடுக்கிறேன், விளிம்பு தேய்க்கிறேன், மற்ற நேரமெல்லாம் குறை சொல்கிறேன். டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியாது.

நல்ல கேமரா வேண்டாம். அது மரியாதை தெரிந்த கேமரா, பார்த்ததைச் சொல்லாது. எனக்கு இதுவே போதும். அண்ணி எடுத்த படம் பத்தொன்பது கார்டில் இருக்கிறது. தட்டிக்கொட்டாமல் பிரிண்ட் போடு.

அண்ணன்


செப்டம்பர் 2

நெட்டைக்கு,

நானும் முதலாளியம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு தடவை கையை நீட்டிப் பார்க்கிறாயாம், மாப்பிள்ளை ஃபோனில் போட்டுக் கொடுத்தார். வேண்டாம். மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

ஜூலை கடைசியில் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். சிரிக்கிற மாதிரி சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். டீச்சர் எதிரில் நின்றதும் எல்லாம் மறந்துபோய், "வெட்டுறது நான் இல்லீங்க. எனக்குக் கை நடுங்குது. என் வீட்டுக்காரிதான் பதினாலும் வெட்டுவா. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க" என்று கொட்டிவிட்டேன்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தார். "என் முன்னாடி ஒண்ணு வெட்டிக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். வண்டியில் ஒரு துண்டு இருந்தது. தரையில் கம்பளியை விரித்தோம். அவள் மண்டி போட்டாள், முழங்கால் வலியோடு. கோடு நேராக வர வைக்கிற பட்டையை நான் பிடிக்கப் போனேன், "நகருங்க" என்றாள். நகர்ந்தேன். இழுத்தாள். நல்ல கோடு விழுந்தால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். வந்தது. தட்டினாள். பிரிந்து வந்தது, விளிம்பு கத்தி மாதிரி.

"பதினாலும் ஒரே உயரத்துல இருக்கணும்" என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் ஐந்தில் ஆரம்பித்துப் பதினேழில் முடித்தோம். இரண்டு துண்டு போனது. நானாக இருந்தாலும் ஒன்றாவது போயிருக்கும். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். முந்தாநாள் காலையில் ஒருவர் ஜன்னல் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். புது ஆள், என்னைத் தெரியாதவர். நான் முன்னால் உட்கார்ந்து விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். "கண்ணாடி வெட்டுறவர் இருக்காருங்களா?" என்று கேட்டார்.

முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "இருக்காங்க. கொஞ்சம் இருங்க, கூப்பிடுறேன்" என்றேன்.

சொல்லிவிட்டு எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆனது எனக்கு. அவர் நான் ஏதோ தேடுகிறேன் என்று நினைத்து, "அவசரம் இல்லீங்க" என்றார். அப்புறம் எழுந்து உள்ளே போனேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வெளிய உன்னைக் கேக்குறாங்க" என்றேன்.

"என்னையா? யாரு?"

"கண்ணாடி வெட்டுற ஆளைக் கேக்குறாங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதாவது கிண்டல் வரும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. நான் தள்ளி நின்று வழி விட்டேன். அவள் போனாள். மிச்சப் பாத்திரத்தை நான் கழுவினேன். இரண்டு டம்ளர் உருண்டது, எவர்சில்வர்தானே, உருளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன்